கடல் பிரித்த குடும்பமும் முன்ஷி அப்துல்லாவும்

மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் குலவரலாறு நம் நாகூர்க் கரையைத் தொட்டுச் செல்வதாகும். அவருடைய தந்தையின் பாட்டனாரான ஷெய்கு அப்துல் காதிர் ஏமன் நாட்டவர். கல்வி போதிக்கும் ஆசிரியர். நாகூரில் மணம் புரிந்து நான்கு ஆண்மக்களைப் பெற்றார். அம்மக்கள் கீழ்த்திசைக்குக் கப்பலேறினர். மூத்தவர் முகம்மது இப்ராஹீம் மலாக்காவில் தங்கி, ஷெய்கு மீரா லெப்பையின் மகள் பெரியாச்சியை மணந்தார். இளையவர் மூவரும் ஜாவா முதலான தீவுகளை நாடினர். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயருக்கு உரியதாயிற்று, ஜாவா டச்சுக்காரரிடமே நீடித்தது. கடல் பிரித்த உடன்பிறப்பினரின் வழித்தோன்றல்களை எல்லைக்கோடும் பிரித்தது.

மூத்தவரின் பெயரராக 1796இல் மலாக்காவில் பிறந்தவரே அப்துல்லா. அவருக்கு முன் பிறந்த நால்வரும் இளமையிலேயே மறைந்தமையால் பெற்றோர் அவரைக் கண்ணின் மணியெனக் காத்தனர். வணிகக் கணக்குகளுக்குத் தமிழ் இன்றியமையாததாக இருந்த ஊர் அது. ஆகவே தந்தையார் அவரை இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயில வைத்தார். மூதாதையர் கரையை விட்டகன்ற பின்னரும் மொழி குடும்பத்தை விட்டகலவில்லை.

மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மலாய் கற்பித்ததால் 'முன்ஷி' என்னும் பட்டம் வாய்த்தது. 1810இல் மலாக்கா வந்த ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றினார். 1815இல் வந்த மில்னே முதலிய பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுக்கலையும் கற்றார். மகன் மதம் மாறிவிடுவானோ எனத் தந்தை அஞ்சினார். ஊராரும் ஏளனம் செய்தனர். அப்துல்லாவோ இறுதிவரை தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றார்.

பிழைப்பு சிங்கப்பூரிலும் குடும்பம் மலாக்காவிலுமாக அவரும் பிரிவின் துயரை நுகர்ந்தார். 1840இல் மனைவி மலாக்காவில் காலமானார். அதன்பின் 1843இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்தார். 1849இல் அது கல்லச்சில் வெளிவந்தது. அரசர் புகழே பேசிய ஏடுகளின் நடுவே, தாம் கண்டதையும் கேட்டதையும் தம் பெயராலேயே உரைத்த நூல் அது. 1854இல் புனித ஹஜ் பயணம் மேற்கொண்டவர் அரேபிய மண்ணிலேயே மறைந்தார்.

நாகூரிலிருந்து சென்ற நால்வரின் கதையை அவர் அந்நூலில் பதிந்திராவிடின், அவ்வுறவின் தடமே அழிந்திருக்கும். மாணவச் செல்வங்களே, பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் சென்று திரும்பாத உறவினர் நம் இல்லங்களிலும் உண்டு. முதியோர் வாழும் காலத்திலேயே அவர்தம் வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். நினைவு முதியோருடன் மறையும், ஏடு நிற்கும்.