நம்பரில் இல்லாத பெயர்

கதவு இரண்டும் சிறகு போல மேலே விரியுமே, அந்த ஸ்டீல் காரைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கிய ஜான் டெலோரியன், அதற்கு முன்பே செய்த ஒரு வேலைதான் இன்றைக்கும் பழைய கார் வாங்குபவர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

1925-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்தார். அப்பா ருமேனியாவிலிருந்து வந்து ஃபோர்டு ஆலையில் உழைத்த தொழிலாளி. மகன் பொறியியல் படித்து, 1956-ல் ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவில் சேர்ந்து, 1961-ல் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்பது அப்போது கம்பெனி விதி. டெலோரியனும் சகாக்களும் பார்த்தார்கள். விதி புது மாடலுக்குத்தானே, ஆப்ஷனுக்கு இல்லையே! டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 389 கன அங்குல எஞ்சினை ஒரு ஆப்ஷனாகச் சேர்த்து, ஃபெராரியிடமிருந்து ஜி.டி.ஓ. என்ற பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். 1964-ல் மட்டும் 32,450 கார் விற்றது. மஸில் கார் யுகமே பிறந்தது.

இங்கேதான் சிக்கல். ஆப்ஷன் என்பதால் 1964, 65 கார்களின் அடையாள எண்ணில் ஜி.டி.ஓ. என்பதற்கு எந்தக் குறியும் இல்லை. 65-ல் அந்த எண் 237 என்று தொடங்கும். அது சாதா லெமான்ஸுக்கும் அதேதான்! 1966-ல் தனி மாடல் ஆன பிறகுதான் 242 வந்தது. ஆகவே ஒரு லெமான்ஸை வாங்கி, எஞ்சினை மாற்றி, ஜி.டி.ஓ. எழுத்தை ஒட்டி, கொள்ளை விலைக்கு விற்றுவிடலாம். கதவுத் தூணில் உள்ள தகட்டை எத்தனை முறை படித்தாலும் குட்டு உடையாது.

எஞ்சின் பிளாக்கின் முன்புறக் குறியீட்டைப் பார்க்கலாம். ஆனால் பிளாக்கே வேறு காரிலிருந்து வந்திருந்தால்? கடைசியில் கைகொடுப்பது ஆலையின் பழைய பில்தான். கார் எண்ணும், அதில் போட்ட ஆப்ஷன்களும் அதில் வரிசையாக இருக்கும். அந்தப் பதிவுகள் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் வசம் பத்திரமாக உள்ளன. 2010-ல் பான்டியாக்கே மூடப்பட்டும் அந்தக் காகிதம் சாட்சி சொல்கிறது.

டெலோரியன் 40 வயதில் பான்டியாக்கின் தலைவரானார். பிறகு செவர்லே. 1973-ல் வேலையை உதறிவிட்டுச் சொந்தக் கம்பெனி தொடங்கினார். பெல்ஃபாஸ்ட் அருகே ஆலை கட்டினார். 1982-ல் அது நொடித்தது. அதே ஆண்டு போதைப்பொருள் வழக்கில் கைதாகி, 1984-ல் விடுதலையானார். 2005-ல் மறைந்தார்.

விதியைச் சுற்றி வர வழி கண்ட மூளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் நண்பர்களே, நாளைக்கு ஒர்க்ஷாப்பில் நாம் எதைச் செய்தாலும், செய்ததைச் செய்தபடி பதிவேட்டில் எழுதி வைப்போம். நமக்குப் பின்னால் வருபவனுக்கு அந்த ஒரு வரிதான் ஆதாரம்!