எமன் வேஷம் கட்டிய வாத்தியார்

2019-ல் சென்னையில் நடந்த நடிகர் சங்கத் தேர்தலில் ஒரு அணிக்கு சுவாமி சங்கரதாஸ் அணி என்று பெயர். செய்தியைப் பார்த்த நம்ம வயசுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் யாருன்னு தெரிந்திருக்கும்? பெயரைக் கேட்டால் ஏதோ ஒரு மடத்துச் சாமியார் மாதிரி இருக்கிறது. மடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. அவர் நாடகம் எழுதினவர், நாடகம் சொல்லிக் கொடுத்தவர். அதுக்கும் முன்னாடி, மேடையில் எல்லாரும் நடுங்குகிற வேஷங்களைக் கட்டினவர்.

நான் படிப்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நாடகம் என் பாடம் இல்லை. ஆனா சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் என்னை விடவே மாட்டேன் என்றது. எமனாக வந்து ஜனங்களை அலற வைத்த அதே மனுஷன், பிறகு மிச்ச ஆயுசு முழுக்க உட்கார்ந்து, எமனையே மடக்கிக் கேள்வி கேட்கிற சாவித்திரிக்கும், முருகனோடு வாதாடுகிற வள்ளிக்கும் பாட்டும் வசனமும் எழுதிக்கொண்டிருந்தார்.

பிறந்தது 1867 செப்டம்பர் 7. ஊர் தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரன் தமிழ் நன்றாகப் படித்தவர், அவர்தான் பிள்ளைக்கு முதல் ஆசிரியர். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் முறையாகத் தமிழ் படித்தார். கூடப் படித்தவர் உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர். பதினாறு வயசு வாக்கில் வெண்பா, கலித்துறை எல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டாராம். நம்ம பதினாறு வயசை நான் இங்கே ஒப்பிடப் போவதில்லை.

வயிற்றுப் பிழைப்புக்குத் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு வேலை. அதில் அவருக்கு மனசு ஒட்டவில்லை. 24 வயசில் வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய முடிவுன்னு யோசித்துப் பாருங்கள். நாடகக்காரனைக் கூத்தாடி என்று இளக்காரமாகக் கூப்பிட்ட காலம். இலக்கணம் படித்த பையன், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அரிதாரம் பூசப் போகிறான்.

அவருக்குக் கிடைத்த வேஷங்கள் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். மைக் கிடையாது. நாடகம் ராத்திரி ஆரம்பித்து விடியும்வரை போகும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் குரல் போய்ச் சேரணும். சுவாமிகளுக்கு உடம்பும் குரலும் அதுக்குத் தகுந்த மாதிரி இருந்திருக்கிறது. சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக்கயிற்றோடு உறுமிக்கொண்டு வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது என்று நாடக உலகத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்னொரு கதை இன்னும் கொடுமை. நளதமயந்தியில் சனீஸ்வரன் வேஷம். நாடகம் முடிந்து விடியற்காலையில் வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போயிருக்கிறார். உடம்பெல்லாம் கறுப்பு. தண்ணீர்த் துறைக்கு வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் அந்த அரைவெளிச்சத்தில் அவரைப் பார்த்து, பயத்திலேயே உயிரை விட்டுவிட்டாள் என்று சொல்வார்கள்.

இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு, பார் என்ன நடிப்புன்னு. எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சுவாமிகளும் அப்படி நினைக்கவில்லை. அதன் பிறகு அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார். தன் திறமை வேறொருத்தர் உயிரைத் தொட்டுவிட்டது என்று தெரிந்ததும், அந்தத் திறமையைக் கீழே வைத்துவிட எத்தனை பேரால் முடியும்?

வாழ்க்கையின் நடுவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முருகன் தலங்களுக்கு யாத்திரை போனார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவே இல்லை. சங்கரதாஸ் என்கிற பெயரோடு ஜனங்கள் சுவாமிகளைச் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தது இந்தத் துறவுக் கோலத்துக்காகத்தான். ஆனா நாடகம் அவரை விடவில்லை. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைச் சொந்த மகன் மாதிரி ஏற்றுக்கொண்டார். அங்கேதான் லயம் அவருக்குள் ஆழமாக இறங்கியது. தமிழ் யாப்பு ஏற்கெனவே கையில் இருந்தது, இப்போது தாளமும் வந்து சேர்ந்தது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்ததுதான் பின்னால் வந்த எல்லாத்துக்கும் காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு பல கம்பெனிகளில் ஆசிரியர். வள்ளி வைத்தியநாத ஐயர், அல்லி பரமேசுவர ஐயர் என்று இரண்டு பேர் நடத்திய கம்பெனிகளிலும் இருந்தார். அந்தப் பெயர்களைக் கவனியுங்கள். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டின காலம். வள்ளியாக நடித்துப் பெயர் வாங்கினவருக்கு வள்ளியே பட்டப்பெயர்.

அவர் எழுதினதாகச் சுமார் 40 நாடகங்களைச் சொல்வார்கள். வள்ளி திருமணம், சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி, அல்லி அர்ஜுனா, கோவலன், நல்லதங்காள், சதி அனுசூயா, சுலோசனா சதி, பிரகலாதன். வடமொழி மிருச்சகடிகமும் ஷேக்ஸ்பியரின் சிம்பலைனும் கூட அவர் கையில் தமிழ் மேடைக்கு வந்தன. பெரும்பாலும் புராணக் கதை என்பதால் இதெல்லாம் வெறும் பக்திப் பிரசாரம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் சண்டை.

சாவித்திரி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். புருஷன் உயிரை எமன் எடுத்துக்கொண்டு போகிறான், இவள் பின்னாடியே நடக்கிறாள். அழுது காரியம் சாதிக்கவில்லை, பேசித்தான் சாதிக்கிறாள். ஒவ்வொரு வரமாக வாங்குகிறாள். கடைசியில் தனக்குப் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டு, எமன் யோசிக்காமல் சரி சொன்னதும், புருஷன் இல்லாமல் பிள்ளை எப்படி என்று அவன் வாக்கை வைத்தே அவனைக் கட்டிவிடுகிறாள். எங்கள் துறையில் ஒரு உத்திரம் எவ்வளவு பலம் என்பதை அதன் மேல் பாரத்தை ஏற்றித்தான் பார்ப்போம். எமன் கோமாளியாக இருந்தால் சாவித்திரியின் பேச்சுக்கு ஒரு கனமும் இல்லை. எமனாக நின்று பார்த்த சுவாமிகளுக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பயம் எவ்வளவு பெரிசுன்னு உள்ளேயிருந்து அறிந்தவர், அதை எதிர்த்து நிற்கிறவளுக்கு வார்த்தை எழுதினார்.

வள்ளி திருமணமும் இப்படித்தான். பத்துமலையில் காவடி எடுக்கிற நமக்கு வள்ளி முருகனின் தேவி, அவ்வளவுதான். மேடை வள்ளி வேற. தினைப்புனத்தில் தனியாக நின்று நாரதரிடம் தர்க்கம் பண்ணுகிறாள், வேடனாக வந்த முருகனிடமும் சுலபத்தில் மசியவில்லை. கடவுள் என்பதால் விட்டுக்கொடுத்துவிடுகிற பெண் இல்லை.

எல்லாத்தையும் நான் தூக்கி வைத்துப் பேச மாட்டேன். அல்லி கதையில், ஆண் துணையே வேண்டாம் என்று மதுரையை ஆண்ட ராணியை அர்ஜுனன் தந்திரத்தால் மனைவியாக்குகிறான். இன்றைக்கு அதைக் கேட்டால் நெருடும், நெருடவும் வேண்டும். நல்லதங்காள் வேற ரகம். பசியால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிற தாயின் கதை. கதையில் பழி முழுக்க ஒரு வாய் சோறு போடாத அண்ணி தலையில் விழுகிறது. ஆனா 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது சுவாமிகளுக்கு ஒன்பது, பத்து வயசு. அந்த நாடகத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்களில் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் அண்ணியை மட்டும் நினைத்து அழுதிருக்க மாட்டார்கள்.

கோவலன் நாடகத்தைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். மதுரையில் நடக்கிறது. மதுரைக்குப் போகவேண்டாம் என்று கோவலனிடம் பாடுகிற இடத்தில் மாபாவியோர் வாழும் ஊர் என்கிற மாதிரி ஒரு சொல் வந்துவிட்டது. மதுரைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சபையில் கூச்சல். சுவாமிகள் மேடைக்கு வந்து அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். மா திருமகள், பா கலைமகள், வி மலைமகள், மூன்று பேரும் வாழ்கிற ஊர் என்று. கூச்சல் கைதட்டலாக மாறியது. தான் எழுதினதைக் கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்லணும் என்பது அவருடைய பாத்திரங்களுக்கு மட்டும் இல்லை, அவருக்கும் பொருந்தியிருக்கிறது.

அவர் செய்ததில் ஒரு இன்ஜினியரிங் மாணவனாக என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. அதற்கு முன்னால் நடிகர்கள் பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வசனத்தை அவரவர் வாய்க்கு வந்தபடி பேசுவது வழக்கமாக இருந்தது. சுவாமிகள் பாட்டு, வசனம், வரிசை எல்லாத்தையும் எழுத்தில் நிறுத்தினார். அதனால் என்ன ஆச்சு தெரியுமா? ஸ்பெஷல் நாடகம் என்ற ஒன்று இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். ஒத்திகையே கிடையாது. அன்று ராத்திரி மேடையில் நேருக்கு நேர் நின்று விடியவிடிய வள்ளி திருமணம் நடத்திவிடுவார்கள். எல்லாருக்கும் அடியில் இருப்பது சுவாமிகளின் பாடம். எங்கே செய்த நட்டும் எங்கே செய்த போல்ட்டும் பொருந்தணும் என்றால் அளவு ஒன்றாக இருக்கணும். அந்த அளவை அவர் கொடுத்தார். அதுக்குள்ளே தர்க்கம் பண்ண நடிகர்களுக்கு இடமும் விட்டிருந்தார்.

பெரியவர்களை வைத்துக் கம்பெனி நடத்துவதில் ஒழுங்கு நிற்கவில்லை. அதனால் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற பாலர் சபைகளுக்குப் போனார். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அங்கே சேர்ந்த பையன்களில் டி.கே.எஸ். சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயசு. அந்தக் குட்டிப் பையனுக்காகவே சுவாமிகள் அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே ராத்திரியில், நூற்றுக்கு மேல் பாட்டுகளோடு, எழுதி முடித்தார் என்பது பிரசித்தம். அந்தச் சண்முகம்தான் வளர்ந்து ஔவையாராக நடித்து அவ்வை சண்முகம் ஆனார். கமல்ஹாசனின் அவ்வை சண்முகி படத்தலைப்பில் இருப்பது அந்தப் பெயர்தான்.

அபிமன்யுவைத் தேர்ந்தெடுத்ததை யோசித்துப் பார்க்கிறேன். சக்கர வியூகத்துக்குள் போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. பெரியவர்களின் சண்டையில் மாட்டின பையன். அந்த அபிமன்யுவாக ஒரு சின்னப் பையன் மேடையில் நின்று பேசிக் கேட்கிறபோது சபை எப்படி இருந்திருக்கும்!

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை, கால் விழுந்தது. பேச்சும் போய்விட்டது. ஊரை அலற வைத்த குரல் அது. அப்படியும் கம்பெனியை விட்டுப் போகவில்லை, பிள்ளைகளோடுதான் இருந்தார். தான் எழுதின பாட்டைப் பையன்கள் பாட, திருத்தம் சொல்ல வாய் வராமல் அவர் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி எழுத எனக்குக் கை தயங்குகிறது.

1922 நவம்பர் 13-ஆம் தேதி பாண்டிச்சேரியில் இறந்தார். வயசு 55. சண்முகத்துக்கு அப்போது பத்து. குருவின் சாவித்திரி, வள்ளி, அபிமன்யு எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு மனப்பாடம்.