கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு தோட்டம்



விஞ்ஞானி என்றாலே நமக்கு நியூட்டன், எடிசன்தான் ஞாபகம் வருவார்கள். இந்த முறை நான் எழுதப்போவது ஒரு டாக்டரைப் பற்றி. வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் மறக்காத பெயர் அவருடையது.

நத்தானியல் வார்டு 1791-ல் லண்டனில் பிறந்தார். அப்பாவும் டாக்டர். 13 வயதில் கப்பலேறி ஜமைக்கா தீவுக்குப் போனார். அங்கே பார்த்த பனைகளும் பெரணிகளும் மனசில் அப்படியே ஒட்டிக்கொண்டன.

பெரியவரானதும் லண்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வைத்தியம் பார்த்தார். பகலெல்லாம் நோயாளிகள், மீதி நேரமெல்லாம் செடிகள். வீட்டு முற்றத்தில் கல்லை அடுக்கி, துளை போட்ட குழாயில் தண்ணீர் சொட்டவிட்டுப் பெரணி வளர்த்தார். ஆனால் சுற்றிலும் தொழிற்சாலைகள். நிலக்கரிப் புகையில் எல்லாச் செடியும் பட்டுப்போச்சு.

1829-ல்தான் அந்த அதிசயம்! அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடியிருந்தார். பூச்சி எப்போது வெளியே வரும் என்று தினமும் எட்டிப் பார்த்தார். ஒருநாள் மண்ணில் சின்னதாக ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருந்தன.

வேறொருவராக இருந்தால் களை என்று பிடுங்கிப் போட்டிருப்பார். வார்டு யோசித்தார். முற்றத்தில் தண்ணீர் ஊற்றியும் சாகிற பெரணி, மூடிய புட்டிக்குள் எப்படிப் பிழைக்கிறது? பதில் நம்ம பாடத்தில் வரும் நீர்ச்சுழற்சிதான். பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. பிறகு துளியாகி மண்ணுக்கே திரும்புகிறது. புகையும் உள்ளே போகாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் அந்தச் செடிகள் கிட்டத்தட்ட நாலு வருஷம் இருந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து, மழைத்தண்ணீர் இறங்கித்தான் அழுகிப்போயின.

1833-ல் கண்ணாடி போட்ட இரண்டு பெட்டிகளில் செடிகளை வைத்துக் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் பயணம். அதுவரை கடல்காற்றின் உப்பிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் கப்பல் செடிகள் பெரும்பாலும் செத்துவிடும். இவை பச்சையாகவே சிட்னி போய்ச் சேர்ந்தன! திரும்பி வரும்போது ஆஸ்திரேலியச் செடிகள் வந்தன. வழியில் கொளுத்தும் வெயில், அப்புறம் பனி. அப்படியும் பெட்டி மண்ணில் கிடந்த விதைகள் கப்பலிலேயே முளைத்து நின்றன. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

1842-ல் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். ஏழைகள் வீட்டு ஜன்னலிலும் பச்சை இருக்கணும் என்பது அவர் ஆசை. 1868-ல் காலமானார்.

ஆனால் பெட்டி நிற்கவில்லை. ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனாவிலிருந்து ரகசியமாக எடுத்த தேயிலை விதைகளை வார்டு பெட்டி மண்ணில் தூவி இந்தியாவுக்கு அனுப்பினார். வரும் வழியிலேயே அவை முளைத்துவிட்டன. 1876-ல் பிரேசிலிலிருந்து லண்டன் வந்த சுமார் 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் சுமார் 1,900 கன்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன. லாபம் தோட்ட முதலாளிகளுக்கு, பாடு கூலியாகப் போன நம்ம ஊர் ஜனங்களுக்கு. ஏழைகளுக்காக ஆசைப்பட்டவர் பெட்டி இப்படியும் பயன்பட்டதே என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அவர் ஆசைப்பட்டதை நாமாவது செய்யலாமே! பெரணிக்கு விதை கிடையாது. இலைக்கு அடியில் இருக்கும் பழுப்புத் தூளில்தான் அதன் வித்துகள் இருக்கின்றன. கிணற்றுச் சுவரில் வளரும் பெரணியிலிருந்து அந்தத் தூளை எடுத்து, ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவி, ஈரமண் போட்டு, மேலே தூவி மூடுங்கள். வெளிச்சம் வேணும், நேர் வெயில் கூடாது. சில வாரத்தில் பாசி மாதிரி பச்சை படரும், அப்புறம்தான் குட்டிப் பெரணி வரும். நான் போட்ட பாட்டிலில் இப்போது பச்சை தெரிகிறது.

பொறுமையாகப் பாருங்கள். எதிர்பார்க்காதது முளைத்தால் உடனே பிடுங்காதீர்கள்!