ரேடியோ வால்வைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியவர்: யார் இந்த சிசிர் குமார் மித்ரா?

மேரு, கிள்ளான் பக்கம் இருக்கும் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து வால்வு ரேடியோ சுவிட்சைத் தட்டியதும் பாடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வு முதலில் சூடாகணும். அப்புறம்தான் சத்தம் வரும். சிற்றலையைப் பிடித்தால் இந்தியாவிலிருந்து தமிழ் நிகழ்ச்சியும் கேட்கலாம்.

சென்னைக்கும் கிள்ளானுக்கும் நடுவில் சுமார் 2,600 கிலோமீட்டர் கடல். பூமியோ உருண்டை. அப்படியென்றால் அந்த அலை இங்கே எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கு இந்தியாவிலிருந்தே விடை தேடியவர் சிசிர் குமார் மித்ரா.

அம்மாவின் சம்பளத்தில் படிப்பு

மித்ரா 1890 அக்டோபர் 24 அன்று வங்காளத்தில் பிறந்தார். அப்பா பள்ளி ஆசிரியர். அம்மா பகல்பூர் மருத்துவமனையில் மருத்துவர். அந்தக் காலத்தில் அது அபூர்வம். அப்பா இறந்த பிறகு, அம்மாவின் வருமானத்தில்தான் மித்ரா கல்கத்தா மாநிலக் கல்லூரியில் படித்தார். 1912இல் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தார்.

1916இல் கல்கத்தா பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சி.வி. ராமனிடம் ஒளியைப் பற்றி ஆய்வு செய்து, 1919இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பாரிஸ் போனார். அங்கேயும் ஒளி ஆய்வுதான்.

பாதை மாறியது எங்கே?

1923இல், பிரான்சின் நான்சி நகரில். அங்கு பேராசிரியர் கூட்டனின் ஆய்வகத்தில் வால்வு சுற்றுகளில் வேலை செய்தார்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். உள்ளே சூடான இழையிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள தகட்டுக்குப் போகும். 1904இல் ஆங்கிலேயர் ஃபிளெமிங் செய்தது இந்த வகை. பிறகு அமெரிக்கர் டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வலையை வைத்தார். வலையில் மின்னழுத்தம் கொஞ்சம் மாறினாலே, பெரிய மின்னோட்டமும் அதற்கேற்ப மாறும். தண்ணீர்ப் பைப்பைத் திருகுவது மாதிரி. தூரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னல் பெரிதாவது இப்படித்தான்.

ரேடியோவை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதன் அறிவியலையும் இந்திய மாணவர்கள் படிக்கணும் என்று மித்ரா நினைத்தார். வயர்லெஸை எம்.எஸ்சி.யில் பாடமாக்கக் கோரி, பல்கலைக்கழகத்தை வழிநடத்திய அசுதோஷ் முகர்ஜிக்கு பிரான்சிலிருந்தே எழுதினார். கோரிக்கை ஏற்கப்பட்டது. பல ஆண்டுகள் பழகிய துறையை விட்டு, 30 வயதைத் தாண்டி, புதுத் துறையில் முதலிலிருந்து தொடங்குவது சின்ன விஷயமல்ல.

வானத்தில் ஒரு கண்ணாடி

கல்கத்தா திரும்பி வயர்லெஸ் ஆய்வகம் அமைத்தார். சூரியக் கதிரால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு, பூமிக்கு மேலே பல பத்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுதான் அயனோஸ்பியர். சிற்றலை அதில் பட்டுத் திரும்பி, மீண்டும் தரைக்கு வரும். கிள்ளானுக்கு அலை வந்த வழி இதுதான். 1930இல் மித்ராவின் குழு, இந்த அயனோஸ்பியரில் இருக்கும் 'ஈ' அடுக்குக்கு இந்தியாவில் ஆதாரம் காட்டியது.

தெரிந்ததை எல்லாம் திரட்டி 1947இல் 'தி அப்பர் அட்மாஸ்பியர்' என்ற நூலை வெளியிட்டார். கல்கத்தாவில் அச்சான அந்த நூல் ரஷ்ய மொழிக்கும் போனது. 1949இல் ரேடியோ இயற்பியல், மின்னணுவியலுக்குத் தனித் துறை உருவானது. 1958இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1963 ஆகஸ்ட் 13 அன்று மித்ரா காலமானார்.

இப்போது ஏன் பேசணும்?

வால்வின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்துவிட்டது, வேலை அதேதான். உங்கள் போனின் சிப்பில் அது கோடிக்கணக்கில் இருக்கிறது. அயனோஸ்பியரும் பழைய கதையாகிவிடவில்லை. ஜிபிஎஸ் சிக்னல் அதைக் கடந்துதான் கீழே வருகிறது. மலேசியா போல பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நாடுகளில் அதன் தொல்லை அதிகம். கிரேப் மேப்பில் தெரியும் உங்கள் இடம் சரியாக இருக்க, மித்ரா ஆராய்ந்த அதே அடுக்குகளை இன்றும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.