குழந்தைப் பாட்டைக் காத்த கோடாய்

குழந்தை தன் தாய்மொழியை இலக்கண நூல் கொண்டு கற்பதில்லை. கேட்டும், கேட்டதை மழலையாய்த் திருப்பிச் சொல்லியும், தோழரோடு ஆடியும் பாடியும் பள்ளிக்குப் போகும் முன்பே மொழியின் ஓசை முழுவதையும் தன் உடைமையாக்கிக் கொள்கிறது. இசையையும் இவ்வாறே கற்க முடியும், இவ்வாறே கற்பிக்கவும் வேண்டும் என்று நிறுவியவர்களுள் தலையாய ஒருவர் ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்தான் கோடாய். பேரவைகளில் முழங்கிய பெரும் படைப்புகளை இயற்றிய அவர், தம் ஆற்றல் முதிர்ந்த காலத்தின் பெரும்பகுதியைச் சிறார் பாடும் சின்னஞ்சிறு பாடல்களுக்கும் பயிற்சிகளுக்கும் ஈந்தார். இதனை ஒரு பெருங்கலைஞனின் இழப்பு என வருந்துவாரும் உளர். இழப்போ பேறோ என்பதை அவர் வாழ்வைக் கொண்டே நாம் தெளியலாம்.

இளமை

கோடாய் 16.12.1882 அன்று கெச்கெமேட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இருப்பூர்தித் துறையில் பணியாற்றியவர். வயலின் வாசிப்பதில் ஈடுபாடு மிக்கவர். தாயார் பியானோ வாசிப்பார், பாடுவார். தந்தையாரின் பணி மாற்றத்தால் குடும்பம் ஊர் ஊராகப் பெயர்ந்தது. 1885 முதல் 1892 வரை கலாந்தா என்னும் சிற்றூரில் வாழ்ந்தது. இன்று ஸ்லொவாக்கியாவில் உள்ள அவ்வூரின் தொடக்கப் பள்ளியில், உழவர் வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து கோடாய் எழுத்தறிந்தார். பணிப்பெண்களின் பாட்டும், தெருவில் ஆடிய சிறுவரின் பாட்டும், ஊர்ப் பாணர் குழுவின் இசையும் அவர் செவியில் முதலில் விழுந்தவை. பிற்காலத்தில் அவர் புகழை உலகறியச் செய்த படைப்புகளுள் ஒன்றான கலாந்தா நடனங்கள், 1933இல் அவ்வூரின் நினைவில் பிறந்ததே.

அடுத்து வாழ்ந்த திர்னவா நகரில், தந்தையார் வீட்டில் நிகழ்த்திய நால்வர் இசைக்குச் செல்லோ வாசிப்பார் இன்மையால், அக்கருவியைத் தாமே முயன்று பழகிக்கொண்டார். தேவை எழுந்தபோது கற்பதும், பிறரோடு கூடிக் கற்பதும் அவருக்கு இளமையிலேயே வாய்த்த பழக்கங்கள்.

மொழிப்புலமையும் இசைப்புலமையும்

1900இல் புடாபெஸ்ட் சென்ற கோடாய், ஒரே காலத்தில் இரு கல்விகளை மேற்கொண்டார். பல்கலைக்கழகத்தில் ஹங்கேரிய மொழியும் ஜெர்மன் மொழியும் பயின்றார். இசைக்கல்லூரியில் இசையமைப்புக் கற்றார். 1906இல் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வு, ஹங்கேரிய நாட்டுப்பாடல்களின் யாப்பமைதி பற்றியது. பாட்டின் அடி எத்தகையது, அடிகள் கூடிக் கண்ணியாவது எவ்வாறு, சொல்லின் ஓசையும் பண்ணின் ஓசையும் எங்கே பொருந்துகின்றன என்பன அவர் ஆராய்ந்தவை. கவிஞர்கள் கருதத்தக்க செய்தி இது: இசைக் கல்வியைச் சீர்திருத்திய மனிதர் முதலில் யாப்பை ஆராய்ந்தவர்.

ஆய்வுக்காக ஏட்டை மட்டும் அவர் நம்பவில்லை. 1905இல் கலாந்தாவைச் சூழ்ந்த சிற்றூர்களில் நடந்து திரிந்து, முதியோர் வாய்ப்பாடல்களைக் கேட்டெழுதினார். அவ்வாண்டில்தான் பேலா பார்டோக்கின் நட்பும் கிடைத்தது. இருவரும் ஒலிப்பதிவுப் பொறியைச் சுமந்துகொண்டு ஆண்டுக் கணக்கில் ஊர்களைச் சுற்றினர். 1906இல் இருவரும் இணைந்து இருபது நாட்டுப்பாடல்களைப் பதிப்பித்தனர். நகரத்தார் நாட்டுப்பாடல் என நம்பியிருந்தவை பெரும்பாலும் அண்மைக் காலத்தார் இயற்றிய பாடல்களே என்பதும், பழம்பாடல்கள் ஐந்து சுரங்களாலாகிய தொன்மையான பண்ணமைதி உடையன என்பதும் அப்பயணங்களால் வெளிப்பட்டன. அவ்வைந்து சுரங்களை நம் செவிக்கு அறிமுகப்படுத்த வேண்டுமாயின் சுத்த தன்யாசியை நினைத்துக்கொண்டால் போதும்.

1907 முதல் கோடாய் இசைக்கல்லூரி ஆசிரியரானார். 1919இல் எழுந்த குறுகிய காலப் புரட்சி ஆட்சியில் அக்கல்லூரியின் துணை இயக்குநராக இருந்த குற்றத்துக்காக, ஆட்சி கவிழ்ந்தபின் விசாரணைக்கு ஆளாகிப் பணியிலிருந்து சில காலம் விலக்கப்பட்டார். அத்துன்பத்துக்குப் பின் 1923இல் பிறந்ததே சால்முஸ் ஹுங்காரிகுஸ் என்னும் பெரும்படைப்பு. பதினாறாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் விவிலியத் திருப்பாடலைத் தழுவி எழுதிய செய்யுளை அதற்குப் பாடலாகக் கொண்டார். அது அவரை ஐரோப்பா முழுவதும் அறிந்த கலைஞராக்கியது.

சிறுவர் குரல்

புகழின் உச்சியில் நின்றவரைச் சிறுவர் பக்கம் திருப்பியது அப்படைப்பே. அதனைப் பாட வந்த பள்ளிச் சிறுவர் குழுவின் தூய குரலும் விரைந்து பற்றும் ஆற்றலும் அவரை வியக்க வைத்தன. அதே வேளையில், பள்ளிகளில் அச்சிறார்க்குக் கற்பிக்கப்பட்ட பாடல்களை எண்ணி உள்ளம் நொந்தார். அவற்றுட் பல ஜெர்மன் பாடல்களின் மெட்டுக்கு ஹங்கேரியச் சொற்களைத் திணித்தவை. ஹங்கேரிய மொழியில் எச்சொல்லிலும் அழுத்தம் முதல் அசையிலேயே விழும். ஜெர்மன் மெட்டுகளோ பெரும்பாலும் மெல்லிய அசையில் தொடங்கி அடுத்த அசையில் ஓங்குவன. ஆதலின் அம்மெட்டில் பாடும் குழந்தை தன் தாய்மொழிச் சொல்லையே பிழையாக ஒலிக்கப் பழகியது. இதனை இசைக்கேடு என்று மட்டும் அவர் கருதவில்லை. மொழிக்கேடு எனவும் கண்டார். 1937இல் ஹங்கேரிய ஒலிப்பின் சிதைவு குறித்து அவர் ஆற்றிய உரைக்கும் அடிப்படை இக்கவலையே.

குறை கூறியதோடு அவர் அமையவில்லை, தாமே இயற்றலானார். 1925இல் சிறுவர் குழுவுக்கென முதல் இரு பாடல்களை அமைத்தார். அவற்றுள் ஒன்று, வேனிலை வரவேற்றுச் சிறுமியர் வைக்கோற்பாவையை ஏந்திச் செல்லும் ஊர்வழக்கைப் பாடுவது. மறு ஆண்டில், புனித கிரகோரி நாளில் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று பள்ளிக்குப் புது மாணவரை அழைக்கும் வழக்கம் பாடலாயிற்று. 1927இல் ஒரு விளையாட்டே முழுப் பாடலாக விரிந்தது. இருவர் கைகோத்துப் பாலமாக நிற்க, மற்றவர் வரிசையாய் அதனுள் நுழைய முயல, இரு அணியும் வினாவும் விடையுமாய் மோதிக்கொள்ளும் ஆட்டம் அது. அந்த ஆட்டத்தின் போட்டியைக் குரல்களின் போட்டியாக்கினார். பாடும் குழந்தைக்கோ அது தான் நேற்று முற்றத்தில் ஆடிய ஆட்டமே.

1934 முதல் பாடும் இளைஞர் என்னும் இயக்கம் இவர் மாணவர்களின் முயற்சியால் நாடெங்கும் பரவியது. சிற்றூர்ப் பள்ளிகளும் அதிற் கலந்துகொண்டன.

விளையாட்டே பாடத்திட்டம்

கோடாயின் நெறியை ஊன்றி நோக்கினால் அதன் வேர் விளையாட்டில் இருப்பதைக் காணலாம். சிறுவர் ஆட்டப் பாடல்களுட் பல மூன்று நான்கு சுரங்களைத் தாண்டுவதில்லை. சோ எனும் சுரத்திலிருந்து மி எனும் சுரத்துக்கு இறங்குவதும், இடையே லாவைத் தொட்டு மீள்வதுமாக அவை சுழலும். நம் முறையிற் கூறின், பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவதும், நடுவே தைவதத்தைத் தொடுவதும் ஆகும். கூவி அழைக்கும் குழந்தையின் குரலில் இயல்பாக எழும் இறக்கம் இது. ஆகவே பாடமும் அங்கேயே தொடங்கட்டும் என்றார். மேல்நாட்டு ஏழு சுரங்களையும் வரிசையாக ஒப்பிக்கச் செய்தால், அவற்றிடையே உள்ள அரைச்சுர இடைவெளிகளில் இளங்குரல் தடுமாறும். ஐந்து சுரப் பாடல்களில் அவ்விடர் இல்லை.

ஆட்டம் முதலில்; அறிவு பின்னர். குழந்தைகள் வட்டமாய் நடந்து பாடுவர். நடையில் தாளம் பதியும். அதே பாடலைக் கைதட்டிப் பாடுவர். காலளவுகள் வேறுபடுவதை உணர்வர். நீண்ட ஒலிக்கு ஓர் அசையும், அதிற் பாதி அளவுள்ள இரு ஒலிகளுக்கு இரட்டை அசையும் சொல்லிப் பழகுவர். பலமுறை ஆடி உடலில் ஊறிய பாடலைத்தான் ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் குறியீடாக எழுதுவார். குழந்தைக்கு அது புதுப்பாடம் அன்று. தனக்குத் தெரிந்த பாட்டு எழுத்தில் எப்படி இருக்கும் என்னும் கண்டுபிடிப்பு.

இதற்கு வேண்டிய கருவிகளுட் பலவற்றை அவர் பிறரிடமிருந்து பெற்றார். ஆதார சுரம் எந்த உயரத்திலும் அமையலாம் என்னும் முறையை இங்கிலாந்தில் சாரா குளோவர் அம்மையாரும் அவர் வழியில் ஜான் கர்வெனும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்த்திருந்தனர். பாடுவோர் குரலுக்கேற்பச் சட்சத்தை அமைத்துக்கொள்ளும் நமக்கு இதில் வியப்பில்லை. ஐரோப்பியப் பள்ளிக்கு இது பெரும் விடுதலை. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைக்குறி காட்டும் வழக்கமும் கர்வெனுடையதே. அயலார் கருவியை ஏற்ற கோடாய், பாடலை மட்டும் தன் மண்ணிலிருந்தே எடுத்தார்.

1941இல் மழலையர் பள்ளி இசையைப் பற்றி எழுதியபோது அவர் மேலும் ஒருபடி சென்றார். ஏழு வயதில் தொடங்குவதே காலந்தாழ்ந்தது. மூன்று முதல் ஏழு வரையுள்ள ஆண்டுகளில் கேட்ட இசையே சுவையை நிலைநிறுத்துகிறது என்பது அவர் துணிபு. குழந்தைக்குத்தானே என்று மட்டமான பாடலை எழுதிக் கொடுப்போரை அவர் மன்னித்ததில்லை.

கவிஞரும் மெட்டும்

இம்முயற்சியில் அவருக்குக் கவிஞர்கள் தேவைப்பட்டனர். ஷாந்தோர் வோரெஷ் என்னும் கவிஞர் பதின்பருவத்தில் எழுதிய முதியோர் பற்றிய கவிதை ஒன்றைக் கோடாய் 1933இல் குழுப்பாடலாக்கினார். பின்னர்த் தம் சிறு மெட்டுகளுக்குச் சொல் தருமாறு அவரை வேண்டினார். அம்மெட்டுகளின் குறுகிய வரம்புக்குள் எழுதிப் பழகிய வோரெஷ், பொருளினும் ஓசையே முந்தி நடக்கும் புதுவகைச் சிறு கவிதைகளைப் படைத்தார். 1955இல் வெளிவந்த அவருடைய பொபித்தா என்னும் சிறுவர் கவிதைத் தொகுதி ஹங்கேரியக் குழந்தைகளின் நாவில் இன்றும் வாழ்கிறது. குழந்தைக்காக இறங்கி வந்த கவிஞன் கவிதையில் இறங்கிவிடவில்லை என்பதற்கு அவர் சான்று.

போரும் பின்னும்

1938இல் யூதர்க்கு எதிரான முதற் சட்டம் வந்தபோது, அதனைக் கண்டித்துக் கையெழுத்திட்ட கலைஞர்களுள் கோடாயும் பார்டோக்கும் இருந்தனர். பார்டோக் 1940இல் அமெரிக்கா சென்றார். 1945இல் அங்கேயே மறைந்தார். கோடாய் நாட்டிலேயே தங்கினார். அவர் துணைவியார் எம்மா யூதக் குடியிற் பிறந்தவர். ஆகவே போரின் இறுதி மாதங்களில் இருவரும் கன்னியர் மடம் ஒன்றிலும், பின்பு இசைநாடக அரங்கின் நிலவறையிலும் ஒளிந்து வாழ நேர்ந்தது. 1945 பிப்ரவரியில், அவ்வரங்கில் பார்வையாளர் மேலாடை வைக்கும் அறையில் அவருடைய மிஸ்ஸா ப்ரேவிஸ் முதன்முதலாகப் பாடப்பட்டது. 1943இல், நாடு போரில் மூழ்கியிருந்தபோது, தொடக்க நிலை மாணவர்க்கான 333 படிப்புப் பயிற்சிகளை அவர் வெளியிட்டார் என்பதையும் உடன்வைத்து எண்ண வேண்டும். நகரம் அழியும் காலத்தும் குழந்தை நாளை பாடும் என்னும் நம்பிக்கை அது.

1950இல் அவர் பிறந்த ஊராகிய கெச்கெமேட்டில், மார்த்தா நெமெஷ்செகி அம்மையாரின் பொறுப்பில், நாள்தோறும் இசை கற்பிக்கும் தொடக்கப் பள்ளி தோன்றியது. பின்னர் அத்தகைய பள்ளிகள் நாடெங்கும் பெருகின. 1951இல் ஹங்கேரிய நாட்டுப்பாடற் களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. பார்டோக்கும் கோடாயும் அரை நூற்றாண்டு திட்டமிட்ட அக்களஞ்சியத்தின் தலைவாயிலில் வைக்கப்பட்டவை வீரர் கதைப்பாடல்கள் அல்ல, காதற்பாடல்களும் அல்ல; ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் விளையாட்டுப் பாடல்களே.

மதிப்பீடு

கோடாய் தம் நெறியை முறைப்படுத்திய கையேடு எதனையும் எழுதவில்லை. அப்பணியை 1944இல் அவர் மாணவர் யெனோ ஆதாம் செய்தார். கையேடு வந்தால் அதன் எழுத்தைப் பற்றிக்கொண்டு உயிரை விடுவாரும் வருவர். கைக்குறியும் தாள அசையும் சில வகுப்புகளில் வறட்டுப் பயிற்சியாகி, ஆட்டம் மறைந்து போனதுண்டு. கருவியிசைக்கு இந்நெறி போதிய இடம் தரவில்லை என்பாரும் உளர். ஆயினும் அவர் கருத்து தெளிவானது: கருவி வாங்க வறியவனால் இயலாது, குரல் எல்லாக் குழந்தைக்கும் உண்டு. இசை எல்லாருக்கும் உரியதாக வேண்டுமாயின் குரலில்தான் தொடங்க வேண்டும். ஆட்டமிழந்த வகுப்பு அவர் நெறியின் பிழையன்று. அவர் நெறியிலிருந்து விலகியதன் பயன்.

6.3.1967 அன்று புடாபெஸ்ட் நகரில் கோடாய் மறைந்தார். 2016இல் யுனெஸ்கோ நிறுவனம், நாட்டுப்பாடல் மரபைக் கல்வி வழியாகக் காத்த அவர் நெறியை, மரபுகாக்கும் நற்செயல்களின் பட்டியலில் சேர்த்தது.

அவர் இயற்றாது விட்ட பெரும்படைப்புகள் எத்தனையோ நாம் அறியோம். இயற்றிய சிறு பாடல்களோ தலைமுறை தலைமுறையாகப் பாடப்படுகின்றன. குழந்தைப் பாடல் எழுதுவதை ஓய்வு நேரப் பணியாக எண்ணும் கவிஞர் எம்மொழியிலும் உண்டு. மொழியின் இயல்பான அழுத்தமும் நடையும் ஒரு மனிதனுள் முதன்முதலாக வேரூன்றுவது விளையாட்டுப் பாட்டில்தான் என்று கோடாய் காட்டினார். அவ்விடத்தில் பிழை நுழைந்தால் பின்னால் வரும் காவியமும் அதனைத் திருத்தாது. ஆதலின் சிறுவர்க்கு எழுத அமரும் கவிஞர் முதலில் எழுதுகோலைக் கீழே வைத்து, முற்றத்தில் ஆடும் பிள்ளைகளின் பாட்டுக்குச் செவி கொடுப்பாராக. யாப்பு அங்கே ஓடி ஆடிக்கொண்டிருக்கிறது.