மண்ணின் ஆழம் அளந்த கான்ராட் ஷ்லம்பர்ஜே

ஜெர்மானிய ஆட்சியிலிருந்த ஆல்சேஸ் பகுதியில், நெசவுத்தொழிற் குடும்பமொன்றில் 1878-இல் பிறந்தவர் கான்ராட் ஷ்லம்பர்ஜே. பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். மண்ணுள் மின்சாரம் செலுத்தினால் பாறையின் தன்மை புலப்படும் என்று கருதி, 1912-இல் சோதனைகளைத் தொடங்கினார். தம்பி மார்செல் துணைநின்றார். 1919-இல் தந்தையார் பொருளுதவி புரிந்தார்.

எண்ணெய்க் கிணறு தோண்டுவோர் அந்நாளில் பாறைத்துண்டுகளை வெட்டியெடுத்தே ஆழத்தை ஆராய்ந்தனர், செலவோ மிகுதி. 1927 செப்டம்பர் 5 அன்று ஆல்சேஸின் பெஷல்ப்ரோன் எண்ணெய் வயலில், அவருடைய குழுவினர் மின்முனைகளைக் கம்பிவடத்தில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினர். மீட்டருக்கு மீட்டர் நிறுத்தி அளந்து, வரைபடத்தைக் கையாலேயே தீட்டினர். உப்புநீர் ஊறிய பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தும். எண்ணெய் நிறைந்த பாறை தடுக்கும். ஆயினும் தடுப்பதெல்லாம் எண்ணெய்ப்பாறையன்று. நுண்துளையற்ற கெட்டிச் சுண்ணாம்புக்கல்லும் தடுக்கும் என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வெற்றியினும், அதற்காகப் பதினைந்தாண்டு தளராது உழைத்த உறுதியையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

1936-இல் சோவியத் நாட்டிலிருந்து திரும்பும் வழியில், ஸ்டாக்ஹோமில் அவர் மறைந்தார்.