சிவகாசி பட்டாசு ஆலைகளில் அறைகள் ஏன் தள்ளித் தள்ளி இருக்கின்றன? விதியின் வேர் தெரிய விவியன் மஜெண்டியைப் படிக்கணும்

சாத்தூரிலிருந்து சிவகாசிக்கோ வெம்பக்கோட்டைக்கோ பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். வேலி போட்ட பொட்டல் காட்டில் சின்னச் சின்ன அறைகள். ஒன்றோடொன்று ஒட்டாது. நடுவில் வெற்றிடம், வேப்ப மரங்கள், சில இடங்களில் மண்மேடு. தொழிற்சாலை என்றால் ஒரே கூரைக்குக் கீழே எல்லாம் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும்.

காரணம் எளிது. ஓர் அறை வெடித்தால் பக்கத்து அறையும் வெடிக்கக் கூடாது. உள்ளே இருப்பவர் நாலு பேர் என்றால், இழப்பு அந்த நாலு பேரோடு நிற்க வேண்டும். கேட்கவே கசப்பான கணக்குதான். ஆனால் பட்டாசு ஆலையின் வரைபடம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கணக்கைச் சட்டமாக்கியதில் பெரும் பங்கு, பிரிட்டனின் முதல் தலைமை வெடிபொருள் ஆய்வாளர் விவியன் டெரிங் மஜெண்டிக்கு உண்டு. 19-ம் நூற்றாண்டு லண்டனில் எங்கே வெடித்தாலும் முதலில் வந்து நிற்கும் பெயர் இவருடையது. வெடிகுண்டு செயலிழப்பு வேலையின் முன்னோடி என்று இன்றும் குறிப்பிடப்படுகிறார்.

யார் இந்த மஜெண்டி?

1836-ல் பிறந்தவர். வுல்விச் ராணுவக் கல்லூரியில் படித்து, பதின்ம வயதிலேயே பீரங்கிப் படையில் சேர்ந்தார். கிரிமியப் போருக்குப் போனார். அடுத்து இந்தியா. 1857 கிளர்ச்சியை ஒடுக்க அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் படையில் ஒருவராகத்தான் இந்த மண்ணுக்கு வந்தார். அந்த அனுபவத்தை 1859-ல் புத்தகமாகவும் எழுதினார். கிளர்ச்சி செய்த சிப்பாய்களை, மங்கள் பாண்டேவின் பெயரை வைத்து, ஆங்கிலேயர்கள் ‘பாண்டிகள்’ என்று அழைத்தார்கள். புத்தகத்தின் தலைப்பிலும் அந்தச் சொல் உண்டு. ஆக, இவர் நமக்கு நண்பராக வந்தவர் இல்லை. ஆனால் பின்னாளில் இவர் கற்றுக்கொண்ட பாடங்கள் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தன.

போர் முடிந்ததும் வாழ்க்கை திசை மாறியது. 1861 முதல் 1871 வரை வுல்விச் ஆயுதக்கிடங்கின் ஆய்வுக்கூடத்தில் பயிற்றுநராகவும் உதவிக் கண்காணிப்பாளராகவும் இருந்தார். வெடிமருந்தைச் சுடத் தெரிந்த ஒருவர், அது எப்படித் தயாராகிறது, எப்போது கைமீறிப் போகிறது என்று படிக்கத் தொடங்கிய காலம் அது.

சந்தை ஓடியது, சட்டம் நின்றது

அந்தப் பத்து வருஷத்தில் சந்தையே தலைகீழாக மாறிவிட்டது. அதுவரை வெடிபொருள் என்றால் பெரும்பாலும் கருமருந்துதான். பிறகு வெடிபருத்தி வந்தது, நைட்ரோகிளிசரின் வந்தது. 1867-ல் ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சுரங்கம், ரயில் பாதை, துறைமுகம் என எல்லா இடத்திலும் தேவை எகிறியது. பிரிட்டனிலோ 1860-ல் போட்ட வெடிமருந்துச் சட்டம், அங்கங்கே ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது.

1871-ல் மஜெண்டி உள்துறையின் வெடிமருந்து ஆலை ஆய்வாளரானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி ஸ்டோமார்க்கெட் என்ற ஊரில் வெடிபருத்தி ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தவர் மஜெண்டி. 1872-ல், சட்டத்தை ஏன் திருத்த வேண்டும் என்று விரிவான அறிக்கை கொடுத்தார். சட்டம் உடனே வந்துவிடவில்லை.

1874 அக்டோபர் 2, விடியற்காலை சுமார் 5 மணி. லண்டன் ரீஜண்ட்ஸ் கால்வாயில் ஒரு நீராவி இழுவைப் படகு வரிசையாகச் சரக்குப் படகுகளை இழுத்துக்கொண்டு போனது. அதில் ‘டில்பரி’ என்ற படகில் சர்க்கரை, காபி போன்ற சரக்குகளோடு பெட்ரோலியப் பீப்பாய்களும் சுமார் 5 டன் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. ஒரு பாலத்துக்குக் கீழே போகும்போது படகு வெடித்தது. அதில் இருந்த மூன்று பேரும் இறந்தார்கள், பாலம் நொறுங்கியது, சுற்றுவட்டார வீடுகள் சேதமாயின. அங்கேயும் ஆய்வுக்குப் போனவர் மஜெண்டிதான். பெட்ரோலியத்தையும் வெடிமருந்தையும் ஒரே படகில் ஏற்றியிருந்தார்கள் என்பதே எந்த அளவுக்குக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தது என்பதைக் காட்டியது.

அடுத்த வருஷமே, 1875-ல், வெடிபொருள் சட்டம் நிறைவேறியது. அதன் அடித்தளம் மஜெண்டியின் வேலை.

1875 சட்டம் என்ன சொன்னது?

சட்டம் முதலில் கேட்டது வரைபடத்தை. ஆலை தொடங்க நினைப்பவர் எந்த அறை எங்கே, எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், எந்த அறையில் என்ன வேலை என்று வரைந்து கொடுக்க வேண்டும். உள்ளூர் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். ஒவ்வொரு அறையிலும் அதிகபட்சம் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பது உரிமத்திலேயே எழுதப்படும்.

அறையின் உட்புறத்துக்கும் விதி இருந்தது. இரும்பு வெளியே தெரியக் கூடாது. சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ மணல் துகள் உதிரக் கூடாது. இடிதாங்கி வேண்டும். வேலை செய்பவர்களுக்குப் பை இல்லாத உடை, தனிக் காலணி. எல்லாமே உராய்வையும் தீப்பொறியையும் தடுக்க. இன்றைக்கும் வெடி விபத்துச் செய்திகளில் நாம் படிக்கும் முதல் வார்த்தை ‘உராய்வு’தானே?

சிறிய பட்டாசுக்காரர்களையும் சட்டம் மறக்கவில்லை. நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவுக்காக லண்டனில் ஏழைக் குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே பட்டாசு செய்துகொண்டிருந்தன. அவர்கள் பெரிய ஆலைக்கான உரிமத்தை நினைத்தே பார்க்க முடியாது. அதனால் சிறு பட்டாசு ஆலைகளுக்கு உள்ளூர் நிர்வாகமே உரிமம் தரலாம் என்று தனி வழி வைக்கப்பட்டது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. விபத்து நடந்தால் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வாளர் விசாரிப்பார். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்ற விவரங்கள் வருடாந்திர அறிக்கையாக நாடாளுமன்றத்துக்குப் போகும். ஒரு ஆலையில் நடந்த தப்பு, நாட்டின் எல்லா ஆலைக்காரர்களுக்கும் பாடமாகக் கிடைத்தது. தொழில் செய்பவர்களுக்கான தொடர்கல்வி என்று இன்று நாம் சொல்வதை, அந்த அறிக்கைகள் அன்றைக்கே செய்தன.

கடிகாரத்தின் டிக் டிக்

1881 முதல் 1885 வரை ஐரிஷ் விடுதலைக் குழுக்கள் பிரிட்டிஷ் நகரங்களில் டைனமைட் தாக்குதல் நடத்தின. மஜெண்டிக்கு வேலை இரட்டிப்பானது. வேதியியலாளர் ஆகஸ்ட் டூப்ரே அவரோடு நெருக்கமாகப் பணியாற்றினார். 1884 பிப்ரவரி 26-ல் லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்து சிக்கிய, கடிகாரப் பொறி வைத்த இன்னொரு குண்டை மஜெண்டியே பிரித்துச் செயலிழக்க வைத்தார். எந்த நொடியும் வெடித்திருக்கலாம். குண்டைத் தொடாமல், தூரத்தில் இருந்தே கையாளும் முறைகளையும் அவர் உருவாக்கினார்.

பேர் கிடைத்தது இதற்காகத்தான். ஆனால் அதிக உயிர்களைத் தொட்ட வேலை, சத்தமில்லாமல் ஓர் அரசாணையில் நடந்தது.

வண்ண வாணவேடிக்கைக்குப் பொட்டாசியம் குளோரேட் பயன்பட்டது. அதோடு கந்தகம் சேர்த்தால் மலிவாக, பளிச்சென்று எரியும். சிக்கல் என்னன்னா, இந்தக் கலவை லேசான உராய்வுக்கே பற்றும். சும்மா வைத்திருந்தாலும் தானாகப் பற்ற வாய்ப்பு உண்டு. 1894-ல் பிரிட்டன் இந்தக் கலவையைப் பட்டாசில் தடை செய்தது. 1898-ல் மஜெண்டி இறந்தபோது, அவர் கட்டி எழுப்பிய ஆய்வுமுறை அப்படியே தொடர்ந்தது.

சிவகாசிக்கு எப்படி வந்தது?

1875 சட்டத்தை முன்மாதிரியாக வைத்து 1884-ல் இந்திய வெடிபொருள் சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். அதன் கீழ் விதிகள் 1914, 1940, 1983, 2008 எனப் புதுப்பிக்கப்பட்டன.

இதில் 1940 சிவகாசிக்கு முக்கியம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு. உலகப்போரால் இறக்குமதி சுருங்கிய நேரத்தில் 1940 விதிகளும் வந்தன. முறையான உரிமத்தோடு இயங்கும் ஆலைகள் இங்கே வளர்ந்தது அதன் பிறகுதான். இன்று இந்தியாவின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்தப் பகுதியிலிருந்து போகிறது.

விருதுநகர் மாவட்டத்தில் ‘டிஆர்ஓ லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கலாம். சிறிய ஆலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர், பெரியவற்றுக்கு மத்திய வெடிபொருள் துறை. சிறியவருக்கு உள்ளூரிலேயே உரிமம் என்ற 1875-ன் அதே யோசனை. வரைபடம், அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்பதெல்லாமும் அப்படியே.

ஆனால் ஒரு பாடம் மட்டும் ரொம்பத் தாமதமாக வந்தது. கந்தகம்-குளோரேட் கலவையை இந்தியா தடை செய்தது 1992 ஜனவரியில். பிரிட்டன் தடை செய்து 98 வருஷம் கழித்து.

இன்று இதை யார் படிக்க வேண்டும்?

ஆலைக்கு வரைபடம் போடும் கட்டடக் கலைஞரும் இன்ஜினீயரும் முதல் ஆள். வீடு கட்ட, 2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தெரிந்தால் பெரும்பாலும் போதும். பட்டாசு ஆலைக்குப் போதாது. வெடிபொருள் விதிகள் 2008, அதன் திருத்தங்கள், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அனுமதி என எல்லாம் சேர்ந்து வரும். கல்லூரியில் ஒருமுறை படித்ததை வைத்து ஓட்ட முடியாது.

ஏன்னா, சந்தையும் நிற்பதில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது, பசுமைப் பட்டாசுக்கு மாறச் சொன்னது. மருந்தின் சேர்மானம் மாறினால், அதைக் கலக்கும் முறையும் உலர்த்தும் முறையும் சேமிக்கும் முறையும் மாறும். அப்படியென்றால் அறையும் மறுபடி யோசிக்கப்பட வேண்டும். இன்னொரு பக்கம், குளோரேட் கலந்த மலிவான சீனப் பட்டாசு கள்ளத்தனமாக வந்து விலையில் போட்டி போட்டது.

தீபாவளி நெருங்கி ஆர்டர் குவியும்போது வரைபடம் மறந்துபோகிறது. ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விடுவது, நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர், இடம் போதாமல் மரத்தடியில் வேலை, அளவுக்கு மேல் மருந்து இருப்பு. விபத்துக்குப் பிந்தைய விசாரணைகளில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். அறைகளுக்கு நடுவே விட்ட வெற்றிடத்தில் ஆட்களும் சரக்கும் நிறைந்துவிட்டால், அந்த இடைவெளியால் எந்தப் பயனும் இல்லை.

சிவகாசியில் போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. பட்டாசு ஆராய்ச்சி மையமும் இங்கேயே இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஒரு விபத்துக்குப் பிறகு நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் செய்தி, போர்மேன் கைது, உரிமம் ரத்து என்பதோடு முடிந்துவிடுகிறது. எந்த அறையில், எந்தக் கலவையில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் இருக்கும்போது நடந்தது என்ற விவரம் பக்கத்து ஆலையின் போர்மேனுக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த ஆலைக்கு வரைபடம் போடுபவரின் மேஜைக்கும் போக வேண்டும். மஜெண்டி 27 வருஷம் செய்த வேலை அதுதான்.